எடுத்து வைத்த ஊற்றுப்பேனாக்களின் கிளிப்பும் வளையமும் கருத்துப்போவது ஏன்?

வரிவடிவன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள ஊற்றுப்பேனாக்களில் அன்றாடம் எழுதப் பயன்படாதவற்றை நன்றாகக் கழுவி, மை அறவே போனபின் உலர்த்தி, காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் அடுக்கி வைத்திருந்தேன். பெட்டியின் அடியில் கம்பளித் துணி விரித்திருந்தேன். மூலைகளில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் இருந்தன. வெளிச்சம், தூசு, ஈரம் ஆகிய மூன்றையும் தடுத்துவிட்டால் உலோகப் பகுதிகளுக்கு ஒன்றும் ஆகாது என்பது பொதுவாகச் சொல்லப்படுவதுதானே. ஆனால் பல மாதங்கள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது கண்டது வேறு.

கருப்பு எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) உடலின்மேல் ஸ்டெர்லிங் வெள்ளி வேலைப்பாடு போர்த்திய பேனா ஒன்று முழுவதுமாக நிறம் மாறியிருக்கிறது. அதிலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை: மற்றொரு எபோனைட் பேனாவைப் பார்த்துக் கிடந்த பக்கம் ஊதாவும் நீலமுமாக மினுங்குகிறது; எதிர்ப்பக்கம் வெளிறிய மஞ்சளோடு நிற்கிறது. நெம்புகோலால் மை நிரப்பும் செல்லுலாய்டு பேனா ஒன்றின் மூடி வளையத்துக்கும் மூடிக்கும் இடையே உள்ள மெல்லிய கோட்டில் பச்சைக் களிம்பு மெழுகுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தங்கமுலாம் பூசிய கிளிப் ஒன்றில் செம்பழுப்புத் திட்டுகள் தெரிகின்றன. மென்துணியால் துடைத்தால் பாதி போகிறது, பாதி நிற்கிறது. அதே பெட்டியில் கிடந்த, குரோமியம் பூசிய கிளிப் உள்ள புதிய பேனாக்களுக்கோ ஒன்றுமே ஆகவில்லை.

எனக்கு விளங்காதது இதுதான். இதே வகை வெள்ளிப்பேனா இன்னொன்றை எந்தப் பாதுகாப்பும் இன்றி, வெறும் காகிதத்தில் சுற்றி மேசை இழுப்பறையில் போட்டிருந்தேன். அது இலேசாக மங்கியதோடு சரி. பாதுகாத்து வைத்தது கெட்டு, பாதுகாக்காதது தப்பியது எப்படி? கருத்தவற்றைத் துலக்கினால் தங்கமுலாம் போய்விடுமா? இனிமேல் எப்படி வைப்பது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

உலோகநேயன்

வணக்கம் வரிவடிவன். உங்கள் பேனாக்களைக் கெடுத்தது வெளிக்காற்று அன்று. பெட்டிக்குள் நீங்கள் வைத்த பொருட்களே ஒன்றையொன்று கெடுத்திருக்கின்றன. பெட்டி காற்றுப்புகாததாக இருந்ததால் அவை வெளிவிட்ட வளி போக வழியின்றி உள்ளேயே செறிந்துவிட்டது. சன்னல் அடைத்த அறையில் புகை போட்டதற்கு ஒப்பான நிலை. இழுப்பறைப் பேனா தப்பியதற்கும் அதுவே காரணம்.

முதலில் எபோனைட்டை எடுத்துக்கொள்வோம். இயற்கை ரப்பரோடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கந்தகத்தைச் சேர்த்து நீண்ட நேரம் சூடேற்றிக் கெட்டியாக்கிய பொருள் அது. அந்தக் கந்தகம் முழுவதும் ரப்பரோடு நிலையாகப் பிணைந்துவிடுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, குறிப்பாக ஒளியும் ஈரமும் பட்ட எபோனைட்டின் மேற்பரப்பு சிதைந்து, கந்தகச் சேர்மங்கள் வெளியேறுகின்றன. கருப்பு எபோனைட் பேனாக்கள் வெளிறிப் பாசிப்பழுப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறமாற்றம் இந்தச் சிதைவின் வெளித்தோற்றமே. அத்தகைய மேற்பரப்பில் கந்தக அமிலம்கூட மிகச் சிறிய அளவில் உருவாகும். எனவே பழுப்பேறிய எபோனைட் பேனாவின் கிளிப்பும் வளையங்களும் எப்போதும் கூடுதல் கவனம் கேட்பவை.

வெள்ளி இந்தக் கந்தகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். காற்றில் மிக மிகக் குறைந்த அளவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலே போதும். வெள்ளியின் மேல் வெள்ளி சல்ஃபைடு படலம் வளரத் தொடங்கும். படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், சற்றுத் தடித்தால் பழுப்பு, பிறகு ஊதா, நீலம், இறுதியில் கருப்பு. சாயம் எதுவும் ஏறாமல், படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி குறுக்கிடுவதால் தோன்றும் நிறங்கள் இவை. ஆகவே உங்கள் பேனாவின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் இருப்பது, வளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கான வரைபடம் போன்றது. அண்டையில் கிடந்த எபோனைட் பேனாவை நோக்கியே அது கைகாட்டுகிறது. தன் உடலே எபோனைட் என்பதால் அந்தப் பேனா தன்னாலும் கருத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எபோனைட் உடல் கொண்ட பேனாக்கள் மட்டுமே குற்றவாளிகள் அல்ல. பல பேனாக்களில் உடல் வேறு பொருளாக இருந்தாலும் நிப்புக்கு அடியில் மை இறக்கும் நாக்கும், மூடிக்குள் இருக்கும் உள்மூடியும் எபோனைட்டால் ஆனவை. நெம்புகோல் பேனாக்களின் உள்ளே இருக்கும் ரப்பர் பையும் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தியதே. நீங்கள் விரித்த கம்பளித் துணியையும் விட்டுவிட முடியாது: ஆட்டுமயிரின் புரதத்திலேயே கந்தகம் உண்டு. கம்பளியும் கம்பளியால் ஆன அழுத்துத்துணியும் (ஃபெல்ட்) வெள்ளிக்கு ஆகாதவை என்பது அருங்காட்சியகங்களில் வெகுகாலமாக அறிந்த செய்தி. ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைப்பது அதைவிட மோசம். வளையம் பட்ட இடத்தில் கருங்கோடு விழும்.

செல்லுலாய்டு பேனாவின் பச்சைக் களிம்புக்குக் காரணம் வேறு. செல்லுலாய்டு என்பது கற்பூரம் சேர்த்து இளக்கிய செல்லுலோஸ் நைட்ரேட். அது சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். அந்த அமிலம் முலாமின் நுண்துளை வழியாகவோ வளையத்தின் விளிம்பு வழியாகவோ அடியில் உள்ள பித்தளையைத் தொட்டால் செம்பின் பச்சை உப்புகள் உருவாகும். இன்னும் கவலைக்குரியது, வெளியேறாமல் தங்கும் அமிலம் செல்லுலாய்டின் சிதைவையே மேலும் விரைவாக்கும் என்பது. எனவே செல்லுலாய்டைக் காற்றுப்புகாத பெட்டியில் அடைப்பது உலோகத்துக்கு மட்டுமின்றிப் பேனாவின் உடலுக்கும் கேடு.

சிலிக்கா ஜெல் ஈரத்தைத்தான் உறிஞ்சும். கந்தக வளிகளையும் அமில வளிகளையும் அது பெரிதாகப் பிடித்து வைக்காது. ஈரம் குறைந்தால் வினைகள் மெதுவாகும் என்பது உண்மை, நின்றுவிடும் என்பது உண்மையன்று.

குரோமியம் பூசியவை தப்பியதில் வியப்பில்லை. குரோமியத்தின் மேல் தானாக உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலமே அதற்குக் காப்பு.

ஐயம் தீர வேண்டுமானால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வகுத்த சோதனை முறையில், காட்சிப்பேழைக்கு வைக்கப்போகும் துணி, பலகை, பசை போன்றவற்றின் சிறு துண்டை வெள்ளி, ஈயம், செம்பு ஆகியவற்றின் தகடுகளோடு ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்து, ஈரம் நிறைந்த நிலையில் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 28 நாட்கள் வைப்பார்கள். தகடு கெட்டால் அந்தப் பொருள் ஆகாது. வீட்டில் சூடேற்ற வேண்டா. பேனாவை அப்படிச் சூடேற்றவே கூடாது. நன்றாகத் துலக்கிய சிறு வெள்ளித் துண்டை உங்கள் கம்பளித் துணியோடு ஒரு குப்பியிலும், பழைய எபோனைட் நாக்கு ஒன்றோடு இன்னொரு குப்பியிலும், தனியாக மூன்றாவது குப்பியிலும் வைத்து, இருட்டில் சில வாரங்கள் விட்டுப் பாருங்கள். மூன்றையும் ஒப்பிட்டாலே போதும்.

பழம்பேனா

மேலே சொல்லப்பட்டதோடு முழுமையாக உடன்படுகிறேன். தங்கமுலாம் பற்றி மட்டும் கூடுதலாகச் சில சொல்கிறேன், ஏனெனில் செம்பழுப்புத் திட்டைக் கண்டதும் "முலாம் போய்விட்டது" என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம்.

தூய தங்கம் கருக்காது. ஆனால் பேனாவின் கிளிப்பில் இருப்பது பெரும்பாலும் ஒரு மைக்ரான் தடிமன்கூட இல்லாத பூச்சு. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எப்போதும் இருக்கும். அடியில் உள்ள செம்போ வெள்ளியோ அந்தத் துளைகளின் வழியாகக் கந்தகத்தோடு வினைபுரிந்து, உண்டான பொருள் மேலே கசிந்து, தங்கத்தின் மீதே படர்ந்து நிற்கும். அப்படிப் படர்ந்த கறைதான் நீங்கள் துடைத்தபோது பாதி போனது. அதன் அடியில் தங்கம் இன்னும் இருக்கிறது. வெள்ளியின்மேல் தங்கம் பூசிய கிளிப்புகளில் இது மிகவும் பொதுவான காட்சி. விளிம்புகளில் தொடங்கி உள்நோக்கிப் படரும்.

முலாம் தேய்ந்து அடியுலோகம் வெளிப்படுவது வேறு கதை. அது கை படும் இடங்களில், அதாவது கிளிப்பின் நுனிக் குமிழிலும் நெம்புகோலின் முனையிலும் வளையத்தின் புடைத்த பகுதியிலும் தெரியும். கறையோ பள்ளங்களிலும் மறைவிடங்களிலும் சேரும். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பார்த்தால், தேய்ந்த இடத்தின் எல்லை படிப்படியாக மங்கி நிறம் மாறும். கறையின் எல்லை கரை கட்டியதுபோல் இருக்கும். தேய்ந்ததை எந்தத் துலக்கும் பொருளும் மீட்டுத் தராது, மேலும் தேய்க்கவே செய்யும்.

உருட்டி ஒட்டிய தங்கத்தகடு கொண்ட பேனாக்கள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. பித்தளையின் மேல் தங்கக் கலவைத் தகட்டை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இணைத்துச் செய்தவை அவை; அமெரிக்கப் பேனாக்களில் 14 காரட், இருபதில் ஒரு பங்கு என்ற முத்திரை இருந்தால், உலோகத்தின் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு 14 காரட் தங்கம் என்று பொருள். மின்முலாமைவிடப் பல மடங்கு தடிமனானது என்பதால் மென்மையான துலக்கலைத் தாங்கும். அதே சமயம் 14 காரட் என்றால் தங்கம் 58.5 விழுக்காடுதான், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். ஆகவே அதுவும் கந்தகம் நிறைந்த பெட்டியில் மங்கும். தங்க நிப்புகள் செம்மை படர்ந்து காணப்படுவதும் இதனாலேயே. 18 காரட்டில் தங்கம் 75 விழுக்காடு என்பதால் அங்கே இது குறைவு.

கருமைத்துளி

ஒரு சிறு சேர்க்கை. வைப்பதற்கு முன் கழுவினேன் என்கிறீர்கள். எப்படி உலர்த்தினீர்கள் என்று சொல்லவில்லை. நிப்பும் நாக்கும் உலர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், எழுதும்போது விரல் பிடிக்கும் கழுத்துக்குள்ளும் உள்மூடிக்கும் மூடிக்கும் இடையேயும் நீர் நெடுநேரம் தங்கும். அந்த நிலையில் மூடியைத் திருகி வைத்தால், மூடிக்குள் ஈரப்பதம் உச்சத்தில் நிற்கும். பெட்டியில் எத்தனை சிலிக்கா ஜெல் இருந்தாலும் அங்கே எட்டாது. கிளிப்பின் வேர் மூடிக்குள் நுழையும் இடத்திலும் உட்புற வளையத்திலும் தொடங்கும் அரிப்பு வெளியே தெரிவதற்குள் வெகுதூரம் போயிருக்கும்.

நெம்புகோல் பேனாவானால் உள்ளே உள்ள எஃகு அழுத்தத் தகட்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்வேன். ரப்பர் பை கசிந்து மை பட்டிருந்தால் தகடு துருப்பிடித்துப் பருத்து, உடலையே உள்ளிருந்து விரிசல் விடச் செய்யும்.

இன்னொன்று: எஃகு நிப்பின்மேல் பூசிய முலாம், மூச்சுத்துளையைச் சுற்றியும் பிளவின் ஓரத்திலும் கரைந்திருந்தால், அது வைத்திருந்தபோது நேர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. இரும்பு உப்பும் மாசிக்காய்ச் சாறும் சேர்ந்த, அமிலத்தன்மை கொண்ட மைகளை நிரப்பி நெடுநாள் விட்டதன் விளைவாக இருக்கலாம். நிப்பில் படிந்த மைக்கறை நீரில் ஊறினால் விடும், அரிப்பு விடாது. முதலில் அதைப் பிரித்தறிந்துகொள்ளுங்கள்.

வரிவடிவன்

மூவருக்கும் நன்றி. உலோகநேயன் சொன்னபடி குப்பிகளை வைத்துப் பார்த்தேன். எபோனைட் நாக்கோடு வைத்த வெள்ளித் துண்டு தெளிவாகப் பழுப்பேறிவிட்டது. நாக்கின் மீது சாய்ந்திருந்த முனை மட்டும் ஊதாவாக இருக்கிறது. கம்பளியோடு வைத்ததில் இலேசான மஞ்சள். தனியாக வைத்தது வைத்தபடியே பளிச்சென்று இருக்கிறது. கம்பளித் துணியை அன்றே அப்புறப்படுத்திவிட்டேன்.

தங்கமுலாம் கிளிப்பைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தேன். திட்டுகளுக்குக் கரை இருக்கிறது, அதுவும் கிளிப்பின் அடிப்பக்கத்தில்தான் அதிகம். நுனிக் குமிழ் முழுமையாகத் தங்க நிறத்தில் உள்ளது. ஆகவே அது கறைதான் என்று கொள்கிறேன். பச்சைக் களிம்பு மட்டும் கவலை தருகிறது: ஊசிமுனையளவுக்கு அதைத் தொட்டுப் பார்த்ததில், அதன் அடியில் வளையத்தின் விளிம்பு சொரசொரப்பாக இருக்கிறது. அதே பேனாவை முகர்ந்தால் வழக்கமான கற்பூர வாசனைதான் வருகிறது.

துலக்குவதற்கு எதைப் பயன்படுத்துவது? வெள்ளி துலக்கும் திரவத்தில் சில நொடிகள் முக்கி எடுத்தால் போதும் என்று சிலரும், அலுமினியத் தாளோடு சோடா உப்புக் கரைசலில் வைத்தால் தேய்க்காமலே கருமை நீங்கும் என்று சிலரும் சொல்கிறார்கள்.

நுண்ணாடி

பேனாவை முக்க வேண்டா. எந்தத் திரவத்திலும் முக்க வேண்டா. பேனாவின் உலோகப் பகுதிகள் தனியே கழன்று வருவதில்லை. திரவம் வளையத்துக்கு அடியிலும் வெள்ளி வேலைப்பாட்டுக்கு அடியிலும் புகுந்தால் அதைக் கழுவி எடுக்க வழியே இல்லை. வெள்ளி துலக்கும் முக்குதிரவங்களில் பெரும்பாலானவை அமிலமும் தயோயூரியாவும் சேர்ந்தவை. அவை சல்ஃபைடைக் கரைப்பதோடு நில்லாமல் வெள்ளியின் மேற்பரப்பையும் நுண்ணியதாகச் சொரசொரப்பாக்கும். அடுத்த முறை இன்னும் விரைவில் கருக்கும். வேலைப்பாட்டின் பள்ளங்களில் இருக்க வேண்டிய கருமையையும் துடைத்தெடுத்துவிடுவதால், பூக்களும் கொடிகளும் தட்டையாகத் தெரியும். அந்த நிழல்தான் வேலைப்பாட்டுக்கு உயிர் என்பது என் கருத்து.

அலுமினியத் தாள் முறை வேதியியல்படி சரியானது: சல்ஃபைடில் உள்ள வெள்ளி மீண்டும் வெள்ளியாகவே திரும்பும், எதுவும் தேய்ந்து போவதில்லை. ஆனால் அதற்குச் சூடான உப்புக்கரைசல் வேண்டும். எபோனைட்டின் மேல் சூடான நீர் பட்டால், அதிலும் ஏற்கெனவே ஒளிபட்டுச் சிதைந்த மேற்பரப்பானால், பழுப்பு நிறம் சில நிமிடங்களில் வெளிக்கிளம்பும். பிறகு அதை மாற்றவே முடியாது. கழற்றி எடுத்த தனி வெள்ளி மூடிக்கு வேண்டுமானால் அந்த முறையை நினைத்துப் பார்க்கலாம். உள்மூடி உள்ளே இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு.

அம்மோனியா கலந்த துலக்கிகளையும் தவிர்க்கவும். அம்மோனியா செம்பைக் கரைக்கும். உள்ளிறுக்கத்தோடு இருக்கும் பித்தளையில் விரிசலையும் உண்டாக்கும், கிளிப் என்பது எப்போதும் இறுக்கத்தோடு இருக்கும் பகுதி. ஆல்கஹாலும் அசிட்டோனும் செல்லுலாய்டை இளக்கும் அல்லது கரைக்கும் என்பதால் அந்தப் பக்கமே போக வேண்டா. பற்பசையின் துகள்கள் மெல்லிய முலாமுக்குத் தேவைக்குமேல் கடினமானவை.

இனிச் செய்ய வேண்டியது. வெள்ளிக்கு, துலக்கும் பொருள் ஊட்டிய மென்துணியே போதும். துணியை விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி, கூராக்காத மரக்குச்சியில் சுற்றிக்கொண்டால் வேலைப்பாட்டின் மேடுகளை மட்டும் தொட முடியும். உடலுக்கும் உலோகத்துக்கும் இடையே மெல்லிய பாலியெஸ்டர் தாளைச் செருகி மறைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுநாடா வேண்டா, அதன் பசை பழைய மேற்பரப்பை உரித்துக்கொண்டு வரும். நீலமும் ஊதாவும் மஞ்சளாகி, பிறகு வெள்ளை தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

தங்கமுலாம் கிளிப்புக்கு இதே துணியை எடுக்கக் கூடாது, அதில் நுண்துகள் இருக்கிறது. வெறும் பருத்தித் துணியையோ நுண்ணிழைத் துணியையோ காய்ச்சி வடித்த நீரில் மிக இலேசாக நனைத்து, அழுத்தாமல், பலமுறை ஒற்றி எடுங்கள். மீதி நிற்கும் கறையை நிற்கவிடுவதே நல்லது. பேனாவின் மதிப்பு முழுமையான மினுக்கில் இல்லை; முலாமை இழந்த கிளிப்பைவிடக் கறை உள்ள கிளிப் எப்போதும் மேல். புதிதாக முலாம் பூசுவதைப் பற்றி யாராவது சொல்வார்கள். அதற்குப் பழைய பூச்சை அகற்றி, உலோகத்தை மெருகேற்ற வேண்டும், அப்போது முத்திரை எழுத்துகளும் கோட்டு வேலையும் மழுங்கும். கடைசி வழி அது.

பச்சைக் களிம்பை உலர்ந்த நிலையிலேயே எடுக்கவும். மூங்கில் குச்சியைச் சீவி, உருப்பெருக்கியின் கீழ், வளையத்தின் கோட்டோடு நகர்த்தினால் மெழுகுபோல் சுருண்டு வரும். எடுத்ததைப் பஞ்சில் துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். இல்லையென்றால் அதே உப்பை இன்னோர் இடத்தில் பூசியதாகிவிடும். இறுதியாகக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுமுனையால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்த்தவும். விளிம்பின் சொரசொரப்பு உலோகம் தின்னப்பட்டதன் அடையாளம். அது திரும்பாது. பரவாமல் தடுப்பதே இனிச் செய்யக்கூடியது. கிளிப்பிலும் வளையத்திலும் நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகத் தடவி விடலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950-களில் உருவாக்கப்பட்ட மெழுகு வகை இதற்காகவே பேர்பெற்றது.

உலோகநேயன்

நுண்ணாடி சொன்னவற்றில் மெழுகைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. உலோகத்தில் தடவுவதை ஒப்புக்கொள்கிறேன், அது கந்தகத்தை முற்றிலும் தடுக்காவிட்டாலும் மெதுவாக்கும். ஆனால் நடைமுறையில் வளையத்தில் தடவும் கை செல்லுலாய்டின் மேலும் தடவிவிடும். தன்னுள்ளிருந்து வளியை வெளியேற்ற வேண்டிய பொருளின் மேல் பூச்சு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலும், வளையத்தின் இடுக்கில் களிம்பின் சிறு எச்சம் இருக்கும்போதே மெழுகு போட்டால், உப்பையும் ஈரத்தையும் உள்ளே பூட்டி வைத்ததாகும். களிம்பு முழுமையாகப் போனது உறுதியான பிறகு, கிளிப்புக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

வைக்கும் முறைக்கு வருகிறேன். பேனாக்களைப் பொருள்வாரியாகப் பிரிப்பதே முதன்மை. மற்றவை எல்லாம் அதற்குப் பின்புதான். எபோனைட் ஒரு தட்டில், செல்லுலாய்டு இன்னொரு தட்டில், வெள்ளி தனியாக. எந்தக் காலத்துப் பேனா எந்தப் பொருள் என்பதில் பெயரை மட்டும் நம்ப முடியாது: பார்க்கர் டியூஃபோல்டு 1921-இல் சிவப்பு எபோனைட்டில் வந்தது, 1926-இலிருந்து செல்லுலாய்டுக்கு மாறியது. ஷீஃபர் 1924-இலேயே செல்லுலாய்டைக் கொண்டுவந்துவிட்டது. ஒரே பெயர், ஒரே தோற்றம், ஆனால் வெளிவிடும் வளி வேறு. ஐயமிருந்தால் கட்டைவிரலால் சில நொடிகள் உரசி முகர்ந்து பாருங்கள். எபோனைட்டானால் ரப்பரும் கந்தகமும் கலந்த வாசனை, செல்லுலாய்டானால் கற்பூரம். கற்பூரம் போய்க் காரமான அமில நெடி வந்தால் அந்தப் பேனாவை அன்றே மற்றவற்றிலிருந்து விலக்கிவிட வேண்டும். உங்களுடையது கற்பூரமாகவே இருப்பதால் அந்த நிலைக்கு வரவில்லை.

செல்லுலாய்டுக்கும் எபோனைட்டுக்கும் காற்றோட்டமுள்ள, ஒளிபடாத, வெப்பம் ஏறாத இடம் வேண்டும். வெள்ளிக்கோ, இதற்கு மாறாக, அடைத்த உறையே நல்லது, ஆனால் தனியாக அடைக்க வேண்டும். வெள்ளித் துகள் ஊட்டிய பருத்தித்துணி ஒன்று உண்டு; கந்தகம் பேனாவைத் தொடும் முன் அந்தத் துணி அதைப் பிடித்துக்கொள்ளும். செம்புத் துகள் கலந்த பிளாஸ்டிக் பைகளும் அவ்வாறே. உங்கள் பேனாவில் வெள்ளிக்கு அடியில் எபோனைட் உள்ளதே என்று கேட்பீர்கள். அத்தகைய பேனாவுக்கு முழுமையான தீர்வு கிடையாது. வெள்ளித் துணியில் தளர்வாகச் சுற்றி, இருட்டில், அடைக்காமல் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை இலேசாகத் துடைப்பதே நான் கைக்கொள்ளும் முறை.

பேனா உறைகளையும் தட்டுகளையும் வாங்கும்போது அவை எதனால் ஆனவை என்று பாருங்கள். பிவிசி என்னும் பிளாஸ்டிக் சிதைந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். செம்புக் கலவைகளில் குளோரைடு புகுந்தால் ஈரம் கிடைக்கும்போதெல்லாம் பச்சைப்பொடி திரும்பத் திரும்பப் பூக்கும், அதை நிறுத்துவது மிகக் கடினம். ஓக் மரம் அசிட்டிக் அமில வளியை விடும். ஒட்டுப்பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். பாலிப்புரொப்பிலீன், பாலித்தீன், அமிலமற்ற காகிதம், சாயமற்ற பருத்தி ஆகியவை தீங்கற்றவை. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்தால் போதும். சிலிக்கா ஜெல்லைக் கொண்டு அதற்கும் கீழே இறக்கினால், பால்புரதத்தால் ஆன கேசீன் பேனாக்கள் சுருங்கி விரிசல் விடும், வளையங்கள் தளரும்.

வரிவடிவன்

மிக்க நன்றி. களிம்பை நுண்ணாடி சொன்ன முறையில் எடுத்துவிட்டேன். சுருண்டு வந்ததில் பச்சைக்கு அடியில் கருப்பு அடுக்கு ஒன்றும் இருந்தது. கடைசியாக ஓர் ஐயம்: நெம்புகோல் பேனாக்களை நெடுங்காலம் வைப்பதானால் உள்ளே உள்ள ரப்பர் பையைக் கழற்றிவிட்டு வைப்பது நல்லதா?

பழம்பேனா

நல்லது, கழற்றத் தெரிந்தவர் செய்தால். பையிலிருந்து வரும் கந்தகம் எஃகுத் தகட்டையும் நெம்புகோலின் உட்புறத்தையும் தாக்குவதோடு, வெளிர்நிறச் செல்லுலாய்டைப் பழுப்பாகவும் ஆக்கும். பச்சை நிறப் பேனாக்களின் மூடி பளிச்சென்றும் உடல் பழுப்பாகவும் இருப்பது அதனால்தான். ஆனால் பழைய கழுத்தை உடலிலிருந்து பிரிக்கும்போது உடல் பிளக்கும் வாய்ப்பு, பையை உள்ளேயே விடுவதால் வரும் தீங்கைவிடப் பெரிது. எனவே பைக்காக மட்டும் பேனாவைத் திறக்க வேண்டா. வேறு பழுதுக்குத் திறக்க நேரும்போது சிலிக்கோன் பை போட முடியுமா என்று கேளுங்கள், அதில் கந்தகம் இல்லை. அதுவரை மூடியைக் கழற்றித் தனியாக வையுங்கள். உடலிலிருந்து வரும் வளி மூடிக்குள் தங்காது, கருமைத்துளி சொன்ன ஈரமும் தங்காது. களிம்பின் அடியில் கண்ட கருப்பு அடுக்கு செம்பு ஆக்சைடாகவோ சல்ஃபைடாகவோ இருக்கும். அது கெட்டியாக ஒட்டியிருந்தால் சுரண்டாமல் விட்டுவிடுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தக் கோட்டில் மீண்டும் பச்சை வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.